நெருக்கடி சிலிக்கானும் அம்மா குலுக்கிய குப்பியும்

வேதியியல் ஆராய்ச்சியில் வேலை கொஞ்சம், காத்துக் கிடப்பது மிச்சம். படிகத்துக்காகத் தவம் கிடந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

நாலாவது ஆள்

என் சேர்மத்தில் நடுவே ஒரு சிலிக்கான் அணு. அதைச் சுற்றி நாலு தடித்த கரிமத் தொகுதிகள் ஒட்ட வேண்டும். மூன்று சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். நாலாவதுக்கு இடமே இருக்காது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதையும் நுழைத்து, வெள்ளைப் பொடியோடு என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன். நாலும் நிஜமாகவே உள்ளே இருக்கின்றனவா என்பதை எக்ஸ்ரே கருவியில் படமெடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். அதற்குப் பொடி போதாது.

"கண்ணாடி மாதிரி ஒரே ஒரு படிகம் கொண்டாம்மா. அது இல்லாம தீசிஸ் இல்ல."

மாரமங்கலம் பஸ்

பொடியைக் கரைத்து வைத்தேன்; சேலத்து வெயிலில் அது கரைசலாகவே கிடந்தது, படிகம் படியவில்லை. எங்கள் ஊரான மாரமங்கலமோ ஏற்காட்டுக்கு மேலே, நல்ல குளிர். மேடத்திடம் அனுமதி வாங்கி, இறுக மூடிய குப்பியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அண்ணன் குப்பியைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். "பயப்படாதீங்கண்ணா, சுத்தி நாலு பேரு நெருக்கி நிக்கிறதால நடுவுல காத்து, ஈரம் எதுவும் போவாது, கெட்டும் போவாது" என்றேன்.

"அதெல்லாஞ் சரிங்க அம்மணி, நம்ம வண்டியிலயும் அப்படித்தான் நெருக்கி நிக்கிறாங்க, ஆனா தெனமும் கெட்டுப் போவுதுங்களே!"

குலுக்கல்

வீட்டில் ஏசு படத்துக்குக் கீழே, அடுப்புக்கு எட்டாத அலமாரியில் குப்பியை வைத்துவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். அம்மாவிடம் "பத்திரம்மா" என்றேனே தவிர, அசைக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை. சனிக்கிழமை ஓடி வந்து பார்த்தால், படிகமாவது ஒண்ணாவது! அரிசி மாவு மாதிரி கலங்கிக் கிடந்தது. கருவியில் எங்களுக்குக் கிடைத்த நாளுக்கு இன்னும் பத்தே நாள். அதை விட்டால் எப்போது என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காபி எஸ்டேட்டில் பழம் பறித்துவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்காமலேயே பதறினாள்.

"அடியில மருந்து கட்டி தட்டிக்கிச்சு கண்ணு, அதான் காலையிலயும் சாயங்காலமும் நல்லாக் குலுக்கி வெச்சேன்!"

குப்பிசாமி

நல்லவேளை, படிகம்தான் போச்சு, பொடி கெடவில்லை. மறுபடி கரைத்து எடுத்து வந்தேன். இந்த முறை அம்மா போட்ட காவல் இருக்கிறதே! மிக்சி பக்கத்து ஊட்டுக்குப் போனது. ஜெபக்கூட்டமும் அங்கேயே மாறியது. தும்மல் வந்தால் அப்பா வாசலுக்கு ஓட வேண்டும். ஜெபத்துக்கு வந்தவர்களிடம் அவர் புலம்பினார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுல ஏசுசாமிக்குக் கீழ ஒரு குப்பிசாமி குந்தியிருக்குதுங்க, அதுக்கு நொம்ப கோவம் வருமாமுங்க!"

படம்

அடுத்த சனிக்கிழமை குப்பிக்குள் ஒரே ஒரு படிகம், கற்கண்டுச் சில்லு மாதிரி மின்னியது. அம்மாவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். மேடமும் நானும் அதைக் கருவியில் வைத்தோம், படம் வந்தது. சிலிக்கானைச் சுற்றி நாலு பேரும் ஒருவர் இடுக்கில் ஒருவர் செருகி நின்றார்கள். ஊருக்கு ஓடி வந்து அம்மாவிடம் போனில் காட்டினேன். அம்மா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு நிமிர்ந்தாள், முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"காபிப்பழ மூட்டையக் குலுக்குனாத்தான கண்ணு இன்னுங் கொஞ்சம் புடிக்கும்? அன்னிக்கு நாங் குலுக்காட்டி இந்த நாலாவது ஆளு உள்ளார எறங்கியிருப்பானா?"

தீசிஸின் நன்றிப் பக்கத்தில் 'குலுக்கி உதவியவர்: என் அம்மா' என்று போட்டுவிட்டேன், மேடம்தான் இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.