என் வானத்தில் அவன் மேகம்

பரிசு வாங்கிய அந்தப் படத்தில் ஒன்பது மேகங்கள் இருந்தன. நான் எண்ணூரில் நின்று எடுத்தபோது வானத்தில் இருந்தவை பதின்மூன்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்தவனுக்கு அது வெட்கக்கேடு.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக நோட்டில் போடுவது வேலை. வேலை முடிந்தாலும் எண்ணுவது நிற்காது. ராயபுரம் ஸ்டேஷன் படிகளை எண்ணுவேன். பக்கத்து வீட்டுக்காரரின் தும்மலை எண்ணுவேன். இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன். மருமகள் சரியாகத்தான் எடுத்து வைக்கிறாள், இருந்தாலும் ஒருமுறை எண்ணாமல் வாயில் போடுவதில்லை.

ஊருக்குத் திரும்பிய ஒரு கப்பல் அதிகாரி தன் பழைய மடிப்புக் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சுருளுக்கு எட்டுப் படங்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே ஸ்டூடியோ வைத்திருந்தவன் என் சிநேகிதன். முன்னறையில் கல்யாணப் படங்கள், துறைமுகப் பாஸுக்கான படங்கள்; பின்னறை இருட்டறை. ஆறு வருடப் பழக்கம். என் சுருள்களை அவன்தான் கழுவி, பிரிண்ட் போட்டுத் தருவான். நான் ஒருமுறைகூட அந்தப் பின்னறைக்குள் போய் நின்றதில்லை. போயிருக்க வேண்டும்.

அமெச்சூர் படப்பிடிப்பாளர் சங்கம் ஒன்று மார்கழியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். அதில் என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் படம் என்றும் முடிவு செய்திருந்தேன். எண்ணூர் கழிமுகத்தில், மழைக்கு முன்னால் சாயங்காலம், கடலுக்கு மேலே மேகம் கட்டிக்கொண்டு எழும். மேற்கே இறங்கும் வெயில் அதன் முகத்தில் அடிக்கும். செம்பு நிறம், அடியில் ஊதா, இடையில் நீலம். ஆவணி நடுவிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலேறிப் போனேன். ஒருநாள் வானம் வெறுமையாக இருக்கும், ஒருநாள் மழையே வந்துவிடும். திரும்பி வரும்போது சிநேகிதன் ஸ்டூடியோ வாசலில் நிற்பான்.

“இன்னா டேலி, வந்துச்சா ஒம் மேகம்?”

“இல்லப்பா.”

“அதுக்கு அட்ரஸ் சரியா குட்த்தியா? தண்டையார்பேட்டைல எறங்கிடப் போவுது.”

பதினோராவது ஞாயிறு, ஐப்பசிக் கடைசியில், வந்தது. கழிமுகத்து மணலில் ஒரு படகு ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் நிழல் கடலைப் பார்த்து நீண்டு கிடந்தது. அதற்கு மேலே மேகங்கள். முதலில் எண்ணினேன்: பெரியது ஒன்று, சிறியவை பன்னிரண்டு. நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் படம் எடுத்தேன். ராயபுரத்தில் ரயிலிறங்கியதும் சுருளைச் சிநேகிதன் கையில் கொடுத்தேன். சாயங்காலம் கண்ட நிறங்களையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிரிண்டை நான் முதலில் பார்த்தபோது எண்ணத் தோன்றவில்லை. ஓரமெல்லாம் வெள்ளி மின்ன, நடுவில் கறுத்து, இதோ விழப் போகிறேன் என்பதுபோல் நின்றது மேகம். கறுப்பு வெள்ளையில் இப்படித்தான் ஆகும்போலிருக்கிறது, நிறம் போனாலும் பலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்காட்சிக்கு அனுப்பினேன். நாற்பத்திரண்டு படங்களில் முதல் பரிசு, ஒரு வெள்ளிக் கோப்பை. நடுவர் மேடையில் என்னைக் கேட்டார், இந்த மேகத்துக்கு எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று. மைக்கில் சொன்னேன்: “பதினொரு ஞாயிற்றுக்கிழமை.” கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் என் சிநேகிதன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

மூன்றாம் நாள் மண்டபம் காலியாக இருந்தபோது தனியாகப் போனேன். என் படத்தின் முன் நின்று, சும்மா, எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். அப்போதுதான் படகைப் பார்த்தேன். அதன் நிழல் கடலை நோக்கி விழுந்திருந்தது. சூரியன் எனக்குப் பின்னால். ஆனால் மேகத்தின் ஓரங்கள் மின்னின. சூரியன் மேகத்துக்குப் பின்னால். ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள்.

மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். பதினேழாவது படத்தில் தென்னந்தோப்புக்கு மேலே அதே ஒன்பது. முப்பத்தொன்றாவதில் கோயில் குளத்துக்கு மேலே அதே ஒன்பது, இடம் வலமாகத் திருப்பி. மூன்றையும் பிரிண்ட் போட்டது ஒரே கை.

நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

“இன்னா டேலி, மூஞ்சிய உம்முனு வெச்சிகினு வர்றே? வெள்ளிக் கப்ப எவனாவது அட்ச்சினு பூட்டானா?”

“என் படத்துல இருக்கற மேகம் யாருது?”

கையிலிருந்த பிரிண்டை மேசையில் வைத்தான். பிறகு சிரித்தான். “மேகம் இன்னா ஒங்கப்பன் ஊட்டு சொத்தா? மேல கீது, எல்லார்க்கும்தான்.”

“தோப்புலயும் அதே மேகம், குளத்துலயும் அதே மேகம்.”

“குளத்துக்குத் திருப்பிப் போட்டேனே! அதையுமா கண்டுபுட்ச்சிட்டே?” அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகு ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினான். உள்ளே மேக நெகடிவ்கள், ஆறு. துறைமுகத்துக்கு மேலே விடியற்காலையில் அவன் எடுத்தவை. வெட்டவெளிப் படம் எது வந்தாலும் வானம் வெளுத்திருந்தால், நெகடிவில் வானத்தின் மேல் சிவப்புப் பூச்சுப் பூசி மறைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு மேகத்தை எடுத்து அந்த இடத்தில் அடிப்பது அவன் வழக்கம். எல்லா ஸ்டூடியோவிலும் உண்டு என்றான். யாரிடமும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. வந்தவர்கள் படம் நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“இன்னான்னு சொல்றது? ஒன் பிலிம்ல ஒரு மண்ணும் இல்ல. மொத்தமும் சாம்பலு. நீ பாத்தது கலரு தோஸ்து, அது பிலிமுக்குத் தெரியாது. அம்மாந் தூரம் அலைஞ்சிகினு வந்தியே, பாவமேன்னு நல்ல மேகமாப் பாத்துப் போட்டேன்.”

“மேடையில நான் பேசும்போது நீ கை தட்டினே.”

“பின்ன இன்னா, எழுந்து நின்னு பொய்யின்னு கத்தச் சொல்றியா? இப்பக்கூட ஒண்ணும் ஆவல. போய்ச் சொல்லு. மைக்ல பேசினவன் நீதான்.”

நெகடிவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் தண்ணீரில் போட்டுப் பஞ்சால் மெல்லத் தடவியதில் சிவப்புப் பூச்சுக் கரைந்து போயிற்று. வண்ணாரப்பேட்டையில் முன்பின் தெரியாத ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடச் சொன்னேன். இந்த முறை இருட்டறைக்குள் போய்ப் பக்கத்திலேயே நின்றேன். பதின்மூன்றும் வந்தன. ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. மேகமும் வானமும் ஒரே சாம்பல். நான் போட்ட பிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்றார் அங்கிருந்தவர். செம்பு மேகம் மங்கி, நீல வானம் வெளுத்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. சிவப்பும் தெரிகிற பிலிமைப் போட்டு, லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் வானம் கறுத்து மேகம் தனியே எழும்பியிருக்குமாம்.

அவன் சொன்னது உண்மைதான். அதனால் என் கோபம் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. “ஒம் மேகம் பிலிம்ல வரல” என்று அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருந்தால் பன்னிரண்டாவது ஞாயிறு போயிருப்பேன். கார்த்திகை முழுவதும் பாக்கி இருந்தது. சிவப்புக் கண்ணாடி அவன் அலமாரியிலேயே இருந்தது. கல்யாணப் படத்துக்கு அது எதற்கு என்று அவனே கேலி பேசியிருக்கிறான். பதினொரு வாரமும் வாசலில் நின்று கேட்டவன் அவன். எனக்கு என்ன வேண்டும் என்று அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தும் வேறொன்றைக் கையில் வைத்து அனுப்பினான்.

நானும் சங்கத்தில் சொல்லவில்லை. சொல்லப் போய் இரண்டு தரம் வாசல்வரை சென்று திரும்பினேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாகிவிட்டது.

அடுத்த ஐப்பசியில் மறுபடி எண்ணூர். நல்ல பிலிம், சிவப்புக் கண்ணாடி. நான்காவது ஞாயிறே கிடைத்தது. ஏழு மேகங்கள். வண்ணாரப்பேட்டையில் பக்கத்தில் நின்று பிரிண்ட் போட்டேன். வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. மேகம் ஒவ்வொன்றும் கையை நீட்டினால் பிடித்துவிடலாம்போல் வெளுத்து நின்றது. நான் பார்த்ததை முதல்முறையாக மற்றவர்களும் பார்க்கப் போகிறார்கள் என்று அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரத்தில் படம் திரும்பி வந்தது. அந்த ஆண்டு சங்கம் ஒரு விதி போட்டிருந்தது. ஒட்டு மேகம் கூடாது. என் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘மேகம் சேர்க்கப்பட்டது. ஏற்பதற்கில்லை.’

நெகடிவை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அசலாத்தான் தெரியுது. கமிட்டியில மத்தவங்களையும் கேக்கணும்” என்றார். “ஒண்ணு செய்யுங்க சார். போன வருஷம் பரிசு வாங்கின படத்தோட நெகடிவையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் சேர்த்துக் காட்டினா, இவர் ஒட்டு வேலை செய்யற ஆள் இல்லைன்னு ஒரு நிமிஷத்துல நானே சொல்லிடுவேன்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான் போகவில்லை. அவரும் ஆளனுப்பிக் கேட்கவில்லை.