அட்டையில் இல்லாத ஆள்

போன வாரம் ரேஷன் கடையில் என் கட்டைவிரலை மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. கடைப்பெண், "தாத்தா, நல்லா தொடச்சிட்டு வையிங்க" என்றாள். வேட்டியில் தேய்த்து வைத்தேன். அப்போதும் இல்லை. இந்த ரேகையெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது, யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அது விரலுக்கும் தெரிந்துவிட்டது போல. மறுபடி வைக்கக் காத்திருந்தபோதுதான் மூலையிலிருந்து அந்த வாசனை வந்தது. மண்ணெண்ணெய் பீப்பாய் நின்ற இடம். பீப்பாய் போய் எத்தனையோ வருஷம். சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருக்கிறது.

அந்த மண்ணெண்ணெய்க்காகத்தான் பச்சையம்மா ஒரு காலத்தில் என்னோடு அவ்வளவு மல்லுக்கட்டினாள். எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான புதுசு. அம்மா வீட்டிலிருந்து பிரிந்து மேட்டில் தனியாகக் கூரை போட்டிருந்தோம். கூரைதான் தனி. ரேஷன் அட்டை அம்மா வீட்டில் இருந்தது. பொழுது சாயும்போது பச்சையம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பாள். அம்மா டின்னை லேசாகச் சாய்த்து, உடனே நிமிர்த்திவிடுவாள். மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிமிர்த்துவாள், அதுதான் விஷயம்.

"நமக்குன்னு ஒரு அட்ட வாங்கிக் குடு மாமா. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எதிலோ மாட்டிவிடப் போகிறார் என்று பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் மணியக்காரரிடம் போய் மனு எழுதிக் கொடுத்தேன் என்றால், அவள் பிடுங்கல் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்துச் சேதி வந்தது. ஜீப்பில் அட்டை வருகிறது, பலாமரத்தடியில் கொடுப்பார்கள், குடும்பத் தலைவர் நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும்.

நேரில் எதற்கு? அட்டையைக் கொடுத்தனுப்பினால் ஆகாதா? அப்போது ஆம்பிளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பிள்ளை பிறக்காமல் ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்கள் என்று மலை பூராவும் பேச்சு. செய்துகொண்டவர்களுக்கு வாளி தருகிறார்கள் என்றும் சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு வெள்ளையன் திருப்பத்தூருக்குப் புளி விற்கப் போய், புது பிளாஸ்டிக் வாளியோடு திரும்பினான். காசு கொடுத்து வாங்கினேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தான். வாளிக்கு எதற்குச் சத்தியம்? எங்களுக்குச் சந்தேகம் கூடிப்போனது. பின்னால் அவனுக்கு வரிசையாக நாலு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அந்த வாளியின் மேலிருந்த பழி நீங்கியது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால் முதல் வீட்டுக்காரர் சீழ்க்கை அடிப்பார். ஆம்பிளைகள் எல்லாரும் காட்டுக்குள் ஏறிவிடுவோம். காட்டிலாகாக்காரர்கள் விறகுக்கும் தேனுக்கும் கேஸ் போட வந்த நாட்களில் பிடித்த பழக்கம். என்ன வண்டி என்று பார்க்கிற வேலையே கிடையாது. அட்டை வந்த அன்றைக்கும் சீழ்க்கை கேட்டது. பச்சையம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு புள்ளகூட பொறக்கல. உன்ன புடிச்சிகினு போயி அவங்களுக்கு இன்னா ஆவப்போவுது?"

"அதாண்டி பயமே" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக ஓடினேன்.

மேட்டில் ஒரு மாமரத்தில் ஏறி உட்கார்ந்தேன். செவ்வெறும்பு கூடு கட்டியிருந்த மரம். கத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. கீழே பலாமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். ஜீப்பில் வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பேராக வாசித்தாராம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "இன்னாம்மா, இந்த ஊர்ல ஆம்பளையே கெடையாதா?" என்று கேட்டாராம். அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எல்லாவற்றையும் கட்டாகக் கட்டியும் விட்டாராம். அப்போது இவள் எழுந்து நின்றிருக்கிறாள்.

"சோறு ஆக்குறது நானு, வெளக்கு ஏத்துறது நானு. எம் பேரயே தலைவர்னு எழுதிக் குடுங்க சார். நான் இங்கதான நிக்கிறேன்."

அவள் நின்றதும் மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு மறுபடி மலையேற மனசில்லையோ என்னவோ, சிவப்பு மைப் புட்டியைத் திறந்தார். வராத புருஷர்கள் பேரையெல்லாம் அடித்தார்.

நான் உடம்பெல்லாம் தடித்துப் போய் வீட்டுக்கு வந்தபோது அட்டை சாமைப் பானையின் மேல் இருந்தது. உடனே தொடவில்லை. மோந்து பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"எத்தினி புள்ளைங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இனிமேதான்னு சொன்னேன்."

குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பச்சையம்மா. அதற்கு மேலே என் பேரின் மீது சிவப்புக் கோடு. வீட்டில் மொத்தம் ஒரு ஆள். அன்று ராத்திரி எங்கள் கூரைக்குள் முதல் தடவையாக, அவள் அட்டையைக் காட்டி அன்றைக்கே வாங்கி வந்திருந்த எங்கள் சொந்த மண்ணெண்ணெயில் விளக்கு எரிந்தது. அட்டையில் இல்லாத நான் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து எறும்புக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து டீ கொடுக்கும்போதெல்லாம், "அட்டையில இல்லாத ஆளுக்கு சக்கர கம்மிதான்" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் உண்மையிலேயே கம்மியாகத்தான் போட்டாள். எனக்கும் அந்த ருசியே பழகிவிட்டது. மகள்கள் இரண்டு பேரும் பிறந்து, அவர்கள் பேரெல்லாம் ஏறிய பிறகு, அவளே என்னைத் தாலுக்கா ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். பிள்ளைகளுக்கும் கீழே, கடைசி வரியில்.

இப்போது அந்தப் பழுப்பு அட்டை இல்லை, சிவப்பு மை இல்லை. சீழ்க்கை அடிக்கவும் யாரும் இல்லை, நாள் பூரா வண்டி போகிறது. மகள்களின் பேர் அவரவர் புருஷன் வீட்டு அட்டைக்குப் போனது. போன தை மாசம் பச்சையம்மா பேரையும் எடுத்தார்கள்.

ஒருவழியாக மெஷின் பீப் என்றது. கடைப்பெண் திரையைப் பார்த்து, "குடும்பத் தலைவர் நீங்கதான தாத்தா?" என்றாள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். என் பேர்தான், முதல் வரியில். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனோடு நின்றுகொண்டே இருந்தேன். அவள் எவ்வளவு கம்மியாகப் போடுவாள் என்று நான் பார்த்ததே இல்லை.