நாற்பத்தோரு பேரின் காது

பையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே சுவரோரம் குனிந்து, சுவிட்சின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியின் ஓரங்களைக் கட்டைவிரல் நகத்தால் நீவிவிடுவார் அந்த அம்மாள். காயத்துக்குப் போடும் அதே வெள்ளைப் பிளாஸ்திரி. அதன் மேல் சிவப்பு மையில் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கும். மரியாதையாக ‘தொடாதீர்கள்’ என்று எழுதிய முந்தைய பிளாஸ்திரியைப் பெருக்க வருகிற பெண் மதிக்கவில்லையாம். மருந்துக்கடை மாடியில் இருக்கும் இந்தக் காது கிளினிக்கின் பழைய கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போவது அந்த சுவிட்சின் வழியாகத்தான். அதை அணைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்கு மேஜைக்கடியில் இரண்டு பேட்டரிகள் வேறு.

நாங்கள் அவரை மிஷினம்மா என்போம். வயது நாற்பத்தேழு. காது கேட்கும் கருவிகளை அவரவர் செவிக்கு ஏற்றபடி சரிசெய்து கொடுப்பது வேலை. புது மாடல்களுக்குப் பக்கத்து அறையில் லேப்டாப் இருக்கிறது. எங்களுடையது பழைய மாடல். செய்த கம்பெனி மூடிவிட்டது. அந்தக் கருவிகளோடு பேசத் தெரிந்தது இந்த ஒரு கம்ப்யூட்டர்தான். மெல்லிய வயரில் கருவியை மாட்டி, புது அளவுகளை அதற்குள் எழுதுவார். இப்படி அதை நம்பியிருப்பவர்கள் நாற்பத்தோரு பேர். நானும் அதில் ஒருத்தி, ஏழு வருடமாக.

கம்ப்யூட்டரின் முன்னால் கெட்ட பேச்சு கூடாது என்பது மிஷினம்மாவின் சட்டம். ஒருநாள் நான் வாய்தவறி, “இதுக்கும் வயசாயிடுச்சே” என்றுவிட்டேன். முகம் வெளுத்துப்போய் என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். “அது முன்னாடி சொல்லாதீங்க அக்கா. தூங்கட்டும், வேண்டாங்கல. போயிடக் கூடாது.” அன்று முதல் அதன் உடல்நிலையைப் பற்றி அந்த அறையில் துண்டுச்சீட்டில்தான் எழுதிக் காட்டுவோம். எனக்குச் சிரிப்பாக வரும், ஆனாலும் எழுதத்தான் செய்வேன். பயம் தொற்றிக்கொள்ளும் வியாதி.

போன மாதம் அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய வலது காதுக் கருவியில் எழுதிக்கொண்டிருந்தபோது, பாதியில் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. பாதி எழுதிய கருவி ஊமையாகிவிட்டது, திரும்பவே இல்லை. இடது காதுக் கருவியையும் அவர் முன்பே கழற்றி மேஜையில் வைத்திருந்தார். “முடிஞ்சுதாம்மா?” என்று உரக்கக் கேட்டார். மூன்று முறை கேட்டார். மிஷினம்மா பதில் சொன்னார், அது அவருக்குக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில், மெமரி போதவில்லை என்றார்கள். இத்தனை பேரின் இத்தனை வருடக் கணக்கையும் ஒரே ஒரு ஜிபியில் சுமக்கிறதாம். மெமரியைக் கூட்ட வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். நான்கு வருடம் ஓடியது அணைத்தால் எழுந்திருக்குமா? அணைக்காமல் விட்டால் அடுத்த கருவியும் பாதியில் சாகலாம். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. கிளினிக் டாக்டரைக் கேட்டால், “புதுக் கருவி வாங்கிக்கச் சொல்லுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.

என்ன வகை மெமரி என்று தெரியவே முதலில் உள்ளே பார்த்தாக வேண்டும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கவாட்டுத் தகட்டை மிஷினம்மா கழற்றினார். மெமரிக் குச்சியின் ஸ்டிக்கர் மறுபக்கம் திரும்பியிருந்தது. பல் டாக்டரிடம் வாயைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இரவல் வாங்கி, எதிலும் படாமல் எட்டிப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச் அடித்தேன். இடம் வலம் மாறித் தெரிந்ததை அப்படியே தாளில் வரைந்து, பிறகு தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் நெற்றி வியர்வை என் கைமேல் சொட்டியது.

அந்தத் தாளோடு பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டப்பாவைக் கிளறிக்கொண்டே ஏதோ சொன்னார். “என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க” என்றார் மிஷினம்மா. அவர் காதிலும் எங்கள் கருவிதான், வலது பக்கம். இடது காது பிறவியிலேயே கேட்காது. வலது காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

கடைக்காரர் நிமிர்ந்து ஒரு குச்சியைக் காட்டினார். “இது நீளம் சரிதான். ஆனா இந்த வெட்டு பாருங்க, ரெண்டு நூல் தள்ளியிருக்கு. அழுத்தினா போர்டே போயிடும்.” இன்னொன்றை எடுத்தார். “இது சர்வர் கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டினது. கச்சிதமா உட்காரும், ஆனா உங்க போர்டு இதோட பேசாது.” பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. கடைசியில், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்று அகப்பட்டது. “ரெண்டும் ரெண்டு ஜிபி. நாலு போட்டாலும் உங்க பழைய கம்ப்யூட்டர் மூணேகால்தான் காட்டும், பயந்துடாதீங்க.”

“கேரண்டி உண்டா?”

“பதினஞ்சு வருஷத்துச் சாமானுக்கா?” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில் நானும் மிஷினம்மாவும் மட்டும். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிட்டு, சுவிட்சை மட்டும் என்னை அணைக்கச் சொன்னார். பிளாஸ்திரியைப் பிரித்தேன், அதற்கு மேல் விரல் வரவில்லை. அவரே அணைத்தார். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் இல்லாதபோதுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

பழையதைக் கழற்றிப் புதிய ஜோடியை அழுத்தினார். மறுபடி சுவிட்சைப் போட்டார். நீளமாக மூன்று பீப் ஒலிகள். திரை கறுப்பு. நாற்பத்தோரு பேரின் காதையும் நாங்களே அடைத்துவிட்டோம் என்றே நினைத்தேன். மிஷினம்மா அழவில்லை. அணைத்து, குச்சிகளை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் அவற்றின் மஞ்சள் கோடுகளைத் தேய்த்துத் துடைத்து, கட்டைவிரல் வெளுக்கும்வரை மீண்டும் அழுத்தினார். இந்த முறை ஒரே ஒரு பீப். திரை வந்தது. மூணேகால் காட்டியது. தகட்டை மூடித் திருகினார்.

ஆனால், எழுதும்போது திணறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரு கருவியில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

“நாளைக்குத் தபால்காரர் வராரு அக்கா. அவருக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு காதுதான்.”

என்னுடையதைக் கழற்றி நீட்டினேன். கையை நீட்டினேனே தவிர, மூடிய விரல்கள் விரியவில்லை. அதை அவர் கவனித்துவிட்டார். என் கையைப் பிடித்து என் மடிக்கே திருப்பி வைத்தார். நான் கருவியை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

“இனிமே நீங்க பேசறது எனக்குக் கேக்காது” என்று சொல்லிவிட்டு, முடியை ஒதுக்கி, தன் வலது காதிலிருந்து கருவியைக் கழற்றி வயரில் மாட்டினார். பொத்தானை அழுத்தினார்.

“ஒண்ணும் ஆகாது” என்றேன், கேட்காது என்று தெரிந்தே. அவர் திரையைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்து, உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று தொட்டு அறிந்தபடி, கண்களை மூடிக்கொண்டார்.