கூடத்தின் மேல்முனை

லடாக்கின் லே நகரத் தொலைபேசி நிலையத்தில் குன்ஸெஸ் அங்மோ தம் பணிக்காலம் முழுவதும் இணைப்பாளராகவே இருந்தார். பனிமலைகளுக்கு அப்பால் காவலில் நின்ற சிப்பாய்கள் வீட்டாரோடு பேச வேண்டுமானால் அவர் குரலைக் கடந்துதான் பேச வேண்டும். அதனால் ஊரில் பலருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. கடைத்தெருவில் அவர் விலை கேட்கும்போது விற்பவர் தலையை நிமிர்த்தி ஒரு கணம் யோசிப்பது வழக்கம். மாலைப் பணியை அவர் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆகவே குளிர்கால மாலைகளில் அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி அமர்ந்து பேசிய பேச்சுகளில் பெரும்பாலானவற்றை அவர் கேட்டதில்லை. அவர் வீடு திரும்பும்போது எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள்.

கணவர் மோரூப் சாலைத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் நகரின் ஸ்கரா பகுதியில் இருந்த பழைய மண்வீட்டை இடித்துவிட்டு, சண்டிகரில் தாம் பார்த்த வீடுகளைப் போல ஒன்று கட்டினார். உயரமான கூடம், அகலமான சன்னல்கள், சிமெண்டுத் தரை. சமையலறை மட்டும் இருவர் நின்றால் நெருக்கிக்கொள்ளும் ஒரு சந்து. எங்கள் பக்கத்தில் குளிர்காலம் முழுவதும் குடும்பம் வாழ்வது சமையலறையில்தான். அந்த வீட்டில் அதற்கு வழியில்லை. மோரூப் அந்த வீட்டில் ஒரு குளிர்காலத்தைத்தான் பார்த்தார். அவர் இறந்தபின் மகள் டிஸ்கித் தாயைச் சண்டிகருக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே ஒரு வங்கியில் அவளுக்கு வேலை. பனி விழத் தொடங்கியதும் விமானம் ஏறுவது, பனி உருகியதும் திரும்புவது என்று குன்ஸெஸ் சில ஆண்டுகள் கழித்தார். திரும்பி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குழாய் உறைந்து வெடித்திருக்கும்.

சென்ற இலையுதிர் காலத்தில், இம்முறை ஊரிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் மகளிடம் சொன்னார். டிஸ்கித் உடனே மறுக்கவில்லை. ஆனால் விடுதி நடத்தும் ஓர் ஒப்பந்தக்காரர் அந்த வீட்டைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை கொடுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு வீடு கைவிட்டுப் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். டிஸ்கித் ஒரு நிபந்தனை விதித்தாள்.

"லோசருக்கு நான் வரேன், அமா. கூடம் கதகதப்பா இருக்கணும். நாலு பேர் வந்து போய்ட்டு இருக்கணும். நீ மட்டும் தனியா ஹீட்டரைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன்னா, அன்னைக்கே உன் பெட்டியையும் கட்டிடுவேன். வீட்டை அந்தாளு எடுத்துக்கட்டும்."

குன்ஸெஸ் ஒப்புக்கொண்டார். ஆண்டுப் பிறப்பான லோசர் வருவதற்குள் கூடத்தைக் குளிருக்குத் தகுதியாக்க வேண்டும்.

அவர் வேலையைத் தரையிலிருந்து தொடங்கினார். சிமெண்டுதான் முதல் எதிரி. ஆப்பிள் பெட்டிகளின் அட்டையைப் பிரித்து முதலில் பரப்பினார். அதன்மேல் யாக் மயிரால் நெய்த முரட்டு விரிப்பு, அதன்மேல் கம்பளம். வடக்குச் சன்னல்களுக்கு வெளியே பலகை அறைந்து, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கழிவுக் கம்பளியைத் திணித்தார். தெற்குச் சன்னல்களில் வெயில் வேண்டும், ஆகையால் உட்பக்கம் பிளாஸ்டிக் தாளை மட்டும் இழுத்துக் கட்டினார். கூரை உயரமாதலால் சூடெல்லாம் மேலே போய்த் தங்கிவிடும் என்று, கடைத்தெருவில் விற்கும் பழைய பாராசூட் துணியை வாங்கிவந்து தலைக்குச் சற்று மேலே விதானம்போல் கட்டினார். வாசலுக்கு இராணுவக் கம்பளியை இரட்டையாக மடித்துத் தைத்துத் தொங்கவிட்டார். கூடத்தின் சரியான நடுவிடத்தில் இரும்புக் கணப்பை நிறுத்தி, அதன் புகைக்குழாயைக் கூரைவழி வெளியேற்றினார். கணப்பைச் சுற்றி வட்டமாகச் சோபாக்கள்.

மோரூப்பின் அலுவலகத்திலிருந்து வந்த வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தது. அதை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எங்கும் ஏறத்தாழ ஒரே அளவு. வெளியே வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடந்தபோது உள்ளே அவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு அமர முடிந்தது. வெப்பமானி தெரியும்படி கூடத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

பிறகு அக்கம்பக்கத்தாரை அழைத்தார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எஞ்சியிருந்த எல்லாரும் வந்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் தொண்டுப். தெருவில் வயதில் மூத்தவர் அவர். உள்ளே வந்தவர் நின்றார். கணப்பைப் பார்த்தார், வட்டமாக இருந்த சோபாக்களைப் பார்த்தார். பின் வாசலை ஒட்டி இருந்த சோபாவின் ஓரத்தில் அமர்ந்தார்.

எங்கள் வழக்கத்தில் இருக்கைக்கு வரிசை உண்டு. அடுப்பை ஒட்டிய முனை மேல்முனை. மூத்தவர் அங்கே அமர்வார், இளையவர் வாசலை நோக்கி இறங்குவார்கள். ஆனால் எவரும் தமக்குரிய இடத்தில் தாமாகப் போய் அமர்வதில்லை. அதற்குக் கீழே அமர்வார்கள். வீட்டுக்காரர் கையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். மறுப்பதும் இழுப்பதும் சிறிது நேரம் நடந்து, எல்லாரும் அவரவர் இடத்தில் போய்ச் சேர்வார்கள். வட்டத்துக்கோ மேல்முனை இல்லை. கணப்பிலிருந்து எல்லா இருக்கைகளும் ஒரே தொலைவு. எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்த ஒரே தாழ்ந்த இடம் வாசல். எனவே அடுத்து வந்தவர்கள் ஹவில்தாருக்கும் கீழே அமர இடம் தேடி, வாசல் சோபாவிலும் அதன் காலடியிலும் நெருக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கச் சோபாக்கள் காலியாகக் கிடந்தன.

குன்ஸெஸ் ஹவில்தாரின் கையைப் பிடித்து இழுத்தார். எங்கே இழுப்பது என்பது அவருக்கும் தெரியவில்லை. எதிரே இருந்த சோபாவைக் காட்டினார்.

"வாசல்ல காவல் நிக்கறது எனக்குப் பழக்கம்தான், தங்கச்சி. என்னை இங்கயே விட்டுடு," என்றார் ஹவில்தார்.

கூடத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். விதானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வெண்ணெய்த் தேநீரில் ஒரு கிண்ணம் குடித்தார்கள். பின் ஒருவருக்கு மாட்டைக் கட்ட வேண்டியிருந்தது, ஒருவருக்கு அடுப்பில் கஞ்சி இருந்தது. விரைவில் கூடம் காலியாயிற்று. மறுநாள் எவரும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. சூடு போதவில்லை போலும் என்று கருதிய குன்ஸெஸ், வில்லோ மரக் கட்டைகளைக் கூடுதலாக வாங்கிக் கணப்பை இன்னும் மூட்டினார். அப்படியும் எவரும் வரவில்லை. லோசர் நெருங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் அவர் லாசோமைப் பிடித்துக்கொண்டார். லாசோம் பக்கத்து வீட்டுக்காரி, அவரைவிட இளையவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். கூடத்தில் என்ன குறை என்று குன்ஸெஸ் கேட்டார். குறையொன்றும் இல்லை என்று லாசோம் முதலில் மழுப்பினாள். குன்ஸெஸ் அவளுடைய குடத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அச்சே, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க வீட்ல எங்க உக்கார்றதுன்னே எனக்குத் தெரியல," என்றாள் லாசோம். எங்கள் பேச்சில் அச்சே என்றால் அக்கா.

"அவ்ளோ சோபா கிடக்குதே."

"அதான் கஷ்டம். பஸ் நிலையம் மாதிரி சுத்திப் போட்டு வச்சிருக்கீங்க. நான் பாட்டுக்கு ஒண்ணுல உக்காந்து, அது ஹவில்தார் வீட்டம்மாவுக்கு மேல் இடமாப் போச்சுன்னா? அந்தம்மா அங்க ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பனி உருகற வரைக்கும் தெருவெல்லாம் பேசுவாங்க."

"எல்லா இடமும் ஒண்ணுதான்னு நினைச்சுத்தான் அப்படிப் போட்டேன்."

"நாங்க என்ன சண்டிகர்லயா இருக்கோம்? எல்லாம் ஒண்ணுன்னா யாரை யார் மேல இழுக்கறது? இழுக்கலைன்னா நாங்க எதுக்கு வர்றது, டீ எங்க வீட்லயே இருக்கே."

குன்ஸெஸ் குடத்தை விட்டார். அன்று பகலிலேயே கொத்தனாரை அழைத்தார். கணப்பைக் கூடத்தின் நடுவிலிருந்து எடுத்து, வாசலுக்கு எதிர்க்கோடியில், சுவரை ஒட்டி வைக்கச் சொன்னார். புகைக்குழாய்க்குச் சுவரில் புதிய துளை வேண்டும். கான்கிரீட்டை உடைத்தால் சூடு கசியும், நடுவில் இருப்பதே நல்லது என்று கொத்தனார் அறிவுரை கூறினார். நீங்கள் சொல்வது சரிதான், துளை போடுங்கள் என்றார் குன்ஸெஸ். சோபாக்கள் பின்னறைக்குப் போயின. சன்னல் பக்கம் ஒரு வரிசை, எதிர்ச்சுவர்ப் பக்கம் ஒரு வரிசை எனக் கம்பளங்களை நீளமாக விரித்து, முன்னால் தாழ்ந்த மேசைகளைப் போட்டார். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் கணப்பில் தொடங்கி வாசலில் முடிந்தன.

கூடத்தின் சமநிலை போய்விட்டது. கணப்பருகே மேலங்கியோடு இருக்க முடியவில்லை. வாசலருகே மூச்சுப் புகைந்தது. வெப்பமானியைக் குன்ஸெஸ் கழற்றி வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை ஹவில்தார் வந்தார். வரிசையின் நடுவில் அமர்ந்தார். குன்ஸெஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மறுத்தார். தமக்கு அவ்வளவு வயதாகவில்லை என்றும், மேலே உட்காரவைத்துத் தம்மைச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்ப்பதாகவும் குற்றம் சாட்டினார். மூன்றாம் முறை இழுத்தபோது எழுந்துபோய்க் கணப்பருகே அமர்ந்து, காலணியைக் கழற்றினார். எதிர் வரிசையில் அவர் மனைவிக்கும் லாசோமுக்கும் இடையே அதே போராட்டம் நடந்து முடிந்தது. அன்று எவருக்கும் மாட்டைக் கட்டும் நினைவு சீக்கிரம் வரவில்லை. அதன்பின் அவர்கள் நாள்தோறும் வந்தார்கள். நூல் நூற்றார்கள், பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள், பார்லி மது காய்ச்சும் பக்குவத்தில் சண்டையிட்டார்கள்.

லோசர் நாளின் பிற்பகலில் டிஸ்கித் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தாள். கூடத்தில் இரண்டு வரிசைகளும் நிறைந்திருந்தன. சண்டிகரிலிருந்து வந்த விருந்தாளி மேலே வர வேண்டும் என்று லாசோம் அவளைப் பிடித்து இழுத்தாள். டிஸ்கித் முறையாக மறுத்தாள். லாசோமும் முறையாக இழுத்துவிட்டு, முறையாகவே கைவிட்டாள். அங்கிருந்தவர்களில் இளையவள் டிஸ்கித். பெண்கள் வரிசையின் கடைசியில், வாசலை ஒட்டிய இடத்தில் அவள் அமர்ந்தாள். அவளுக்கும் கீழே, வாசல் திரையருகில், தேநீர்க் கெண்டியோடு குன்ஸெஸ் இருந்தார்.

டிஸ்கித் கோட்டைக் கழற்றவில்லை. சற்று நேரத்தில் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். மேல்முனையில் ஹவில்தார் சட்டையோடு அமர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். கிண்ணங்களை நிரப்புவதற்காகத் தாய் எழுவதையும், மீண்டும் அதே மூலையில் வந்து அமர்வதையும் பார்த்தாள்.

மாடு கறக்கும் நேரத்தில் எல்லாரும் போனபின் அவள் பேசினாள்.

"அமா, நீ அனுப்பின படத்துல கூடம் முழுக்கச் சூடா இருந்துச்சு. இப்ப பாதிதான் இருக்கு."

"ஆமா. அப்ப ஆளில்ல."

"நான் உக்காந்த இடம் பனிக்கட்டி. நீ உக்காந்தது அதைவிட மோசம். உன் வீட்லயே இருக்கறதுல குளிரான இடம் உனக்கு. இதுக்காகவா இங்கதான் இருப்பேன்னு நின்ன?"

"வீட்டுக்காரி வேற எங்க உக்காருவா? மேல உக்காந்துக்கிட்டு யாரை இழுக்கறது?"

டிஸ்கித் எழுந்து கூடத்தின் மேல்முனைக்குப் போய், ஹவில்தார் விட்டுப்போன இடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றினாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு மீண்டும் வாசலுக்கு வந்து, தான் முன்பு அமர்ந்த இடத்திலேயே அமர்ந்து, கம்பளித் திரையின் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. காற்று அங்கிருந்து வந்தது.

மறுநாள் காலையில் ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் அழைத்தார். டிஸ்கித் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இந்த வருஷம் வீடு இல்லைங்க. ஆளுங்க இருக்காங்க." பிறகு, "அடுத்த வருஷத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

கதவின் அடியில் அவள் அறைந்த கனத்த கம்பளிப் பட்டை காற்றில் பாதியைத் தடுக்கிறது. சில நாட்களில் அவள் விமானம் ஏறித் தனியாகத் திரும்பிப் போனாள். வாசலருகே இன்னும் குளிரத்தான் செய்கிறது. குன்ஸெஸ் இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு அங்கே அமர்ந்திருக்கிறார்.