தொட்டாற்சிணுங்கி சுருங்காத நாள்

எனக்குக் கோபம் அதிகம். வகுப்பில் நான் போடும் சத்தம் பக்கத்துப் பாமாயில் செம்பனைத் தோட்டம் வரை கேட்கும் என்பார்கள்.

மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் பத்து வருடமாக அறிவியல் ஆசிரியை நான். அறிவியல் விழாவுக்காகச் செம்பனை மரத்தடியிலிருந்து ஒரு தொட்டாற்சிணுங்கியைத் பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கொண்டு வந்தோம். தொட்டால் சுருங்க வேண்டும், மாணவி தேவிகா விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளியாள் வருகிறார் என்றாலே எங்கள் பள்ளியில் ஒத்திகைக்கு அளவு கிடையாது. ஒரு வாரம் முழுக்க, இலை விரிய விரிய அவளைத் தொட வைத்தேன்.

நடுவர் வந்து நின்றார். தேவிகா தொட்டாள். ஓர் இலைகூட அசையவில்லை.

"நல்லாத் தொடு லா! மானத்த வாங்காத!" என்று கத்தினேன்.

அவள் பதறவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தாள். இலைகள் சட்டென்று மூடிக்கொண்டன.

"நம்ம விரலு ஒன்னும் செய்யாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு டீச்சர். தண்ணிதான் புதுசு."

நடுவர் சிரித்தார். "சரியாச் சொன்னம்மா. மூளை இல்லாட்டியும், திரும்பத் திரும்ப வர்ற ஒரே சேதிய செடியோட உயிரணுக்கள் ஒதுக்கிடும்."

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. வகுப்புக்குத் திரும்பியதும், இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். முப்பது பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. பென்சில் சீவியவன் சீவிக்கொண்டே இருந்தான்.

மேசையிலிருந்து கையை எடுத்தேன். பிறகு, "புத்தகத்த எடுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

முப்பது தலைகளும் நிமிர்ந்தன.

அந்தச் செடிக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. எனக்குத்தான் அது புரியப் பத்து வருடம் பிடித்தது.