ரயில் முகர்ந்த கூடாரம்

தாராவியில் டென்ட் துவைக்கும் இசக்கிப்பாண்டிக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனாக் காய்ச்சல் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் தொழிலை மாற்றியிருப்பார். மழையில் மலையேறுகிறவர்கள் ஈரத்தோடு சுருட்டிவைத்துப் பூசணம் பிடித்த கூடாரங்களில் நாற்றம் போக்குவதுதான் இவருடைய பிழைப்பு. மூக்கு போனதற்காகப் பிழைப்பை விட முடியுமா என்று கேட்பார். என்ன தைரியமோ!

சோப்புத்தூள் போட்டால் தண்ணீர் புகாத பூச்சு உரிந்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ஆப்பசோடா தூவி, ஃபேன் காற்றில் காயவைப்பார். பிறகு மனைவி சண்முகவடிவு தையல் தையலாக முகர்ந்து பார்த்து, "போச்சு" என்றால்தான் கூடாரம் வெளியே போகும். மூக்கு அவளுடையது என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் பாண்டுப்பில் இருக்கும் தன் அண்ணியின் பிரசவத்துக்காகச் சண்முகவடிவு அங்கே போய்விட்டாள். திலக் நகரில் கூடாரங்களை வாடகைக்கு விடும் ஷ்ரவணோ அவசரப்படுத்தினான். "அண்ணா, இந்தத் தடவை ஒரு டென்ட் நாறினாலும் எல்லா வேலையும் வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லியிருந்தான். அவனை விட்டால் இவருக்கு வேறு கிராக்கி கிடையாது.

யோசித்து ஒரு பரீட்சை கண்டுபிடித்தார். துவைத்த கூடாரத்தோடு குருதேஜ்பகதூர் நகரில் ரயில் ஏறுவது. ஜனம் விலகினால் நாற்றம், நெருக்கினால் சுத்தம். பம்பாய் ரயிலைவிட நேர்மையான மூக்கு எங்கே கிடைக்கும்?

ஏறினார். நிற்க இடமில்லாத பெட்டியில் மழைக்கோட்டோடு ஏறிய அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மனம் உடைந்து வீட்டுக்கு வந்து மறுபடி துவைத்தார். மறுநாள் எதிர் பெஞ்சும் காலியானது. கால் நீட்டி உட்கார்ந்து கண்ணீர் விட்டார்.

கடைசித் துவைப்பு முடிந்ததும் எல்லாக் கூடாரங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ரயிலில் கூடைக்காரர்கள் ஏறும் சாமான் பெட்டியில் ஏறினார். ஒருவரும் விலகவில்லை. மீன்கூடைகளுக்கு நடுவே விலக இடம் ஏது என்று அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த மராட்டி மீன்காரம்மா முகத்தைச் சுளித்து, "வாஸ் யேதோய் ரே பாபா!" என்றாள். இசக்கிப்பாண்டிக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு, மராட்டிதான் வராது. வாசம் வருகிறது என்கிறாளே என்று பூரித்துக் கும்பிட்டார்.

ஷ்ரவண் கடை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ, என்னண்ணா இது! மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம், திருப்பி எடுத்துண்டு போங்கோ."

"மீன்காரம்மாவே வாசம் வருதுன்னு சொன்னாளே தம்பி!"

"'வாஸ்'னு சொன்னா மராட்டில நாத்தம்ணா!"

இசக்கிப்பாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு தம்பி. மோந்து பாக்கது எம் பொஞ்சாதி" என்றார். சொல்லும்போது வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஷ்ரவணுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அவாளையே வரச்சொல்லுங்கோ. அவா சரின்னா எடுத்துக்கறேன்" என்றான்.

பாண்டுப்பிலிருந்து சண்முகவடிவு நேரே கடைக்கு வந்து சேர்ந்தாள். மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு கூடாரமாக முகத்தில் வைத்து முகர்ந்தாள். இசக்கிப்பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கடைசிக் கூடாரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, மழைக்கோட்டின் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

"கூடாரம் ஒண்ணும் நாறல. நீங்கதான் நாறுதிய! நான் போனதுலருந்து இந்தக் கோட்டக் கழத்தவே இல்லியா?"

"ஓயாம மழைல்லா பெய்யுது" என்றார் அவர்.

"உங்கள விட்டுட்டு ஒரு பிரசவத்துக்குக்கூடப் போவ முடியாது போலிருக்கே" என்று வாசலில் வைத்தே கோட்டை உருவினாள். அவர் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொடுத்தார். ஷ்ரவண் கூடாரத்தைத் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய், அடுத்த அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்தான். இசக்கிப்பாண்டி ஆசையாகக் கை நீட்டினார். அவன் அதைச் சண்முகவடிவிடம் கொடுத்தான்.