பச்சையாக மின்னும் செல்

சிவகாசி டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அக்காவின் பெயரைக் கேட்கவில்லை. பட்டாசுக் கம்பெனி வேலை என்பதை நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பொடியே சொன்னது. கொண்டை ஊசியால் அதைச் சுரண்டிக்கொண்டே வந்தார், பொடி போகவில்லை.

என் மடியில் இருந்த படத்தைப் பார்த்து, "இது என்ன தாயி?" என்றார்.

"எலி இதயத்துல ஒரு செல்லுக்கா. துடிக்கிறப்போ உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறும். நாங்க ஊத்துற சாயம் அப்போ பச்சையா மின்னும். அத வச்சு எம்புட்டு ஏறுதுன்னு அளப்போம்."

"எலி உசுரோட இருக்குமா?"

"இல்லக்கா. செல்லு மட்டும் சில மணி நேரம் துடிக்கும்."

ஊசி நின்றது.

"கம்பெனி வெடிச்ச அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுகளத் துணியில சுத்திக் குடுத்தாக. அப்பயும் உள்ள மின்னிக்கிட்டு இருந்திருக்குமோ?"

காய்கறி விலை கேட்கிற குரல். ஆய்வகத்தில் நாங்கள் ஊட்டும் கரைசல் இல்லாமல் எந்தச் செல்லும் அவ்வளவு நேரம் தாங்காது. அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விஸ்வநத்தம் நிறுத்தத்தில் எழுந்தார். ஊசியைக் கொண்டையில் செருகியபடி, "அவுகளும் மத்தாப்புல பச்சை வெளிச்சத்துக்குத்தான் மருந்து கலப்பாக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இன்றும் திரையில் பச்சை ஏறுவதை அளக்கிறேன். அது அணைவதற்குள் கண் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.